பெயர்ப்பட்டை வரை வந்து நிற்கும் சமத்துவம்

1901ஆம் ஆண்டின் கோடைக்காலம். இன்றைய மகாராட்டிரத்தில் உள்ள மசூர் தொடர்வண்டி நிலையத்தில் சில சிறுவர்கள் வந்து இறங்குகிறார்கள். இராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற தந்தையைக் காண அவர்கள் கோரேகாவ் செல்ல வேண்டும். பயணத்துக்காகவே தைத்த புதுச் சட்டை, பளபளக்கும் தொப்பி, புதுக் காலணி, பட்டுக்கரை வேட்டி. உடையைப் பார்த்த நிலைய அதிகாரி, பார்ப்பனப் பிள்ளைகள் என்று எண்ணிப் பரிவோடு விசாரிக்கிறார். ‘நாங்கள் மகர்கள்’ என்ற சொல் வந்ததும் முகம் மாறி விலகிப் போகிறார். இரு மடங்கு கூலி தருவதாகச் சொல்லியும் வண்டிக்காரர்கள் ஏற்றிக்கொள்ள மறுக்கிறார்கள். அந்தச் சிறுவர்களில் ஒருவர் அம்பேத்கர். பின்னாளில் அவரே இதை எழுதி வைத்தார்.

உடை ஒருவருக்குத் தரும் மதிப்பு, பெயர் சொல்லப்படும் நொடி வரைதான் நீடிக்கிறது. நம் நாட்டின் இராணுவப் பயிற்சிக் கழகங்களில் கேடட்டுகளின் அன்றாட உடையை ஆளும் விதிகளை ஆராயும்போது, மசூர் நிலையத்தின் அந்த நொடியையே நாம் மீண்டும் மீண்டும் எண்ண வேண்டியிருக்கிறது.

புனேவை அடுத்த கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கழகம் 1955 ஜனவரியில் திறக்கப்பட்டது. பள்ளிப்படிப்பை முடித்த இளைஞர்கள் மூன்றாண்டுகள் அங்கே தங்கிப் பயில்கிறார்கள். அங்கே ஒரு நாளைக்கு ஓர் உடை போதாது. அதிகாலை உடற்பயிற்சிக்கு ஒன்று, அணிவகுப்புக்கு ஒன்று, வகுப்பறைக்கு ஒன்று, மாலை விளையாட்டுக்கு ஒன்று, இரவு உணவுக்கு ஒன்று என்று வேளைக்கு வேளை மாற்ற வேண்டும். சட்டையின் மடிப்பு, பெல்ட்டின் பளபளப்பு, பூட்ஸின் மெருகு, முடியின் நீளம் ஆகிய அனைத்தும் சோதிக்கப்படும். குறை கண்டால் தண்டனை. யாருடைய மகன், எந்த ஊர், என்ன வசதி என்பதை உடையைக் கொண்டு ஒருவரும் அறிய முடியாதபடி செய்வதே இதன் நோக்கம் என்று சொல்லப்படுகிறது. அந்த நோக்கத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. மாறாக, ஒடுக்கப்பட்ட மக்களைவிட அதை ஆழமாக நம்பியவர்கள் எவரும் இருக்க முடியாது. அந்த வாக்குறுதியை அரசு எந்த அளவுக்குக் காப்பாற்றுகிறது என்பதே நம் கேள்வி.

தடை செய்யப்பட்ட சட்டை

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் அணியக் கூடாது. முடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. செருப்பு அணியவோ குடை பிடிக்கவோ கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. நகை அணிவதற்கும் பூச்சூடுவதற்கும் மண்பாண்டம் தவிர்த்த பாத்திரங்களைப் புழங்குவதற்கும்கூடத் தடை. மீறிய சேரிகளில் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அடுத்த ஆண்டிலேயே எட்டுத் தடைகள் பதினொன்றாகப் பெருகின.

இந்தப் பட்டியலை ஒரு கேடட்டின் உடைச் சோதனைப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய சட்டை, கணுக்கால் வரை நீளும் கால்சட்டை, ஒட்ட வெட்டிய முடி, மெருகேற்றிய காலணி. ஊர் எதை எதையெல்லாம் குற்றம் என்றதோ, அதை அதையெல்லாம் இராணுவம் கடமை என்கிறது. ஒடுக்கப்பட்ட சமூகங்கள் சீருடையை ஏன் விடுதலையின் உடையாகக் கண்டன என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. பம்பாய்ப் படையில் மகர்களும், சென்னை மாகாணப் படையில், குறிப்பாக மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவில், பறையர்களும் பெருமளவில் சேர்ந்தார்கள். ஊருக்குள் சட்டை போட முடியாதவர்கள் பாசறைக்குள் சட்டை போட்டார்கள்; அவர்களுடைய பிள்ளைகள் படைப்பிரிவுப் பள்ளிகளில் எழுத்தறிந்தார்கள். அம்பேத்கரின் தந்தை சுபேதார் ராம்ஜி சக்பால் அத்தகைய பள்ளியில் ஆசிரியராக இருந்தவர்.

அந்தச் சீருடையும் பறிக்கப்பட்டது. ‘போர்க்குடிகள்’ என்று சில சாதிகளை மட்டும் பொறுக்கியெடுத்த ஆங்கிலேயக் கொள்கை, 1890களின் தொடக்கத்தில் மகர்களுக்குப் படையின் கதவை அடைத்தது. ஓய்வுபெற்ற படைவீரரான கோபால் பாபா வலங்கர் அந்தப் பத்தாண்டிலேயே எதிர்த்து விண்ணப்பம் வரைந்தார். 1910இல் சிவராம் ஜான்பா காம்ப்ளே இலண்டன் வரை மனு அனுப்பினார். முதல் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டபோது 1917இல் மகர் படைப்பிரிவு ஒன்று அமைக்கப்பட்டது. போர் முடிந்து சில ஆண்டுகளில், 1921இல், கலைக்கப்பட்டது. இன்றைய மகர் ரெஜிமென்ட் பிறந்தது 1941இல். 1943இல் உருவான சமார் ரெஜிமென்ட் 1946இல் கலைக்கப்பட்டது. போர் வரும்போது உடுத்திவிடுவதும், போர் முடிந்ததும் உருவிக்கொள்வதுமாகவே சீருடையோடு நம் உறவு இருந்திருக்கிறது.

நூறு ரூபாய் விலக்கும் ஐம்பத்து மூவாயிரம் ரூபாயும்

குடியரசான பிறகு நிலைமை என்ன? தேசியப் பாதுகாப்புக் கழகத்துக்கான தேர்வை ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்துகிறது. விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடித் தேர்வர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அந்தச் சலுகை அங்கேயே முடிந்துவிடுகிறது. சைனிக் பள்ளிகளில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் இடஒதுக்கீடு உண்டு. அந்தப் பள்ளிகள் எந்தக் கழகத்துக்குப் பிள்ளைகளைத் தயாரிக்கத் தொடங்கப்பட்டனவோ, அந்தக் கழகத்தில் இடஒதுக்கீடு இல்லை.

அதையும் தாண்டி, எழுத்துத் தேர்வு, ஐந்து நாள் நேர்முகத் தேர்வு, மருத்துவச் சோதனை என எல்லாவற்றிலும் வென்று ஒரு தலித் மாணவர் தகுதிப் பட்டியலில் இடம்பிடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அண்மை ஆண்டுகளின் தேர்வு அறிவிக்கைகள் அவருடைய பெற்றோருக்கு இரண்டு செய்திகளைச் சொல்கின்றன. தங்குமிடம், உணவு, நூல்கள், சீருடை, மருத்துவம் ஆகியவற்றின் செலவை அரசே ஏற்கும் என்பது முதல் செய்தி. சேரும்போது பெற்றோர் செலுத்த வேண்டிய தொகையின் பட்டியல் இரண்டாவது. ஐந்து மாதக் கைச்செலவுக்கு 15,000 ரூபாய். உடை, உபகரணங்களுக்கு 15,000. சேரும்போது தேவைப்படும் உடைகளுக்கு 8,681. குழுக் காப்பீட்டுக்கு 7,200. முதல் பருவத்தின் இதர செலவுக்கு 7,138. ஆக மொத்தம் 53,019 ரூபாய்.

இந்தத் தொகையில் 23,681 ரூபாய் உடையின் பெயரால் மட்டும் கேட்கப்படுகிறது. சீருடைச் செலவு அரசுடையது என்று சொல்லிய அதே ஆவணத்தில்தான் இதுவும் இருக்கிறது.

ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய தொகை அன்று. நூறு நாள் வேலையை நம்பி வாழும் குடும்பத்துக்கு? அத்திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளும் தவறாமல் வேலை கிடைத்து, ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும் 33,600 ரூபாய்தான் தேறும். கழகத்தின் வாயிலில் கேட்கப்படும் தொகையை அடைய 158 நாள் உழைக்க வேண்டும். சட்டம் தந்த உறுதியோ 100 நாள்.

உதவியே இல்லை என்று நாம் சொல்லவில்லை. பெற்றோரின் மாத வருமானம் 21,060 ரூபாய்க்குக் கீழ் இருந்தால் மாதம் 1,000 ரூபாய் உதவி கேட்கலாம். மாவட்ட ஆட்சியர் வழியாக விண்ணப்பித்து, அவருடைய பரிந்துரையோடு அது கழகத் தலைவருக்குப் போக வேண்டும். உதவி அனுமதிக்கப்பட்டால் செலுத்திய தொகையில் ஒரு பகுதி பின்னர் திரும்பி வரும். சில மாநில அரசுகளின் உதவித்தொகைகளும் உண்டு. ஆனால், முதலில் கட்டு, பிறகு கேள் என்பதே இந்த ஏற்பாட்டின் வரிசை. ஏழைக்கு உதவும் திட்டம், ஏழையிடம் முதலில் பணம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு வகுக்கப்பட்டிருக்கிறது. இடைப்பட்ட மாதங்களை நிரப்புவது கந்துவட்டிதான் என்பது சேரிகளை அறிந்த எவருக்கும் தெரியும்.

டேராடூனில் உள்ள இந்திய இராணுவக் கழகத்தில் பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை வழங்கப்படுகிறது. கடக்வாஸ்லாவின் மூன்றாண்டுகளுக்கு அப்படி எதுவும் இல்லை. மிக இளம் வயதில், மிக வறிய வீட்டிலிருந்து வருபவருக்குத்தான் கை காலியாக இருக்கிறது.

பணத்தோடு இது முடிவதில்லை. இரவு உணவுக்கும் வெளியில் செல்லும் நாட்களுக்கும் கேடட்டுகள் மஃப்டியில் வர வேண்டும். அது எந்த உடை வேண்டுமானாலும் அன்று; கோட்டு, டை, தோல் காலணி என்று அதற்கும் வரையறை உண்டு. அப்பாவின் அலமாரியில் டை தொங்கிய வீட்டிலிருந்து வருபவருக்கு அது பழக்கம். தன் பரம்பரையில் முதன்முதலாக டை கட்டுகிறவருக்கு அது ஒரு தேர்வு. முடிச்சு சரியாக விழாததற்குக் கிடைக்கும் ஏளனத்தை எந்த விதிப்புத்தகமும் சாதிப் பாகுபாடு என்று பதிவு செய்யாது.

நெஞ்சில் குத்திய பெயர்

சீருடையில் எல்லோருக்கும் ஒரே துணி, ஒரே நிறம், ஒரே பொத்தான். வேறுபடுவது ஒன்றே ஒன்று: மார்பில் குத்திய பெயர்ப்பட்டை. ஆளை அடையாளம் காண அது தேவைதான். ஆனால் இந்தியாவின் பெரும்பகுதியில் குடும்பப்பெயர் என்பது சாதியின் மறுபெயர். ஒரு குடும்பப்பெயர் அணிவகுப்புத் திடலில் மரியாதையை ஈட்டுகிறது. இன்னொன்று புருவத்தை உயர்த்துகிறது. அத்தனை மடிப்பும் மெருகும் சேர்ந்து மறைத்ததை இரண்டு அங்குலப் பட்டை வெளியே சொல்லிவிடுகிறது. மசூரில் சிறுவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இங்கே கேட்கவும் வேண்டியதில்லை.

தமிழர்களுக்கு இதில் சொல்வதற்கு ஒரு வரலாறு உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைச் சேர்ப்பதைக் கைவிடத் தீர்மானித்தது. தந்தையின் முதலெழுத்தும் தன் பெயருமாக நிற்கும் வழக்கம் இங்கே பொது வழக்கமானது. அந்தப் பெயரோடு வடக்கே செல்லும் நம் பிள்ளைகள் ஒவ்வொரு படிவத்திலும் ‘குடும்பப்பெயர் என்ன’ என்ற கட்டத்தின் முன் திகைத்து நிற்கிறார்கள். கட்டம் வெறுமையாக இருந்தால் அடுத்த கேள்வி வருகிறது: ‘முழுப் பெயர் என்ன?’ அந்தக் கேள்வியின் பொருள் நமக்குத் தெரியும்.

துணி ஒன்றாக இருந்தாலே சாதி மறைந்துவிடும் என்று நம்புவோர் தமிழ்நாட்டுப் பள்ளிகளைப் பார்க்க வேண்டும். விலையில்லாச் சீருடை அணிந்து ஒரே வகுப்பில் அமர்ந்த மாணவர்களின் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு ஏறியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள் புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்தவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிநாயகம் சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் கயிறு உள்ளிட்ட சாதி அடையாளங்களை மாணவர்கள் அணியத் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. சீருடை சாதியை ஒழிப்பதில்லை. சாதி குடியேற எஞ்சிய இடத்தைத் தேடிக்கொள்கிறது. அந்த இடத்தை அடைக்கும் விதியும் சேர்ந்தால்தான் சீருடை தன் வேலையைச் செய்யும்.

மாற்ற முடியாத விதி என்று ஒன்றில்லை

இராணுவ உடை விதிகள் நூற்றாண்டு மரபு, அவற்றைத் தொடக் கூடாது என்பது வழக்கமான பதில். அண்மை ஆண்டுகள் இதைப் பொய்யாக்கியுள்ளன.

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், விமானப்படையில் தாடி வளர்க்க அனுமதி கேட்ட முகமது ஜுபைரின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஒருமையும் ஒழுங்கும் காக்கவே சீருடை விதிகள் என்றது தீர்ப்பு. ஆனால் அந்த வழக்கில் ஆராயப்பட்ட விதியே, முடி வெட்டுவதை மதம் தடுக்கும் வீரர்களுக்கு விலக்கு அளிக்கிறது. சீக்கியரின் தலைப்பாகை சீருடையின் பகுதியாகவே ஏற்கப்பட்டிருக்கிறது. அது நியாயமே. ஒரு சமூகத்தின் கண்ணியத்துக்காக உடை விதி வளைந்து கொடுக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பிக்கும் வரை தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் பெண்களுக்கு இடமே இல்லை. ஆணை வந்தது, உடை முதல் விடுதி வரை ஏற்பாடுகள் மாறின, 2025 மே 30 அன்று முதல் அணியின் 17 பெண்கள் பயிற்சி முடித்து வெளியே நடந்தார்கள். மரபு சரியவில்லை.

2023 ஆகஸ்டு 1 முதல், பிரிகேடியர் பதவிக்கும் அதற்கு மேலும் உள்ள அதிகாரிகள் அனைவரும் ரெஜிமென்ட் வேறுபாடின்றி ஒரே தொப்பி, ஒரே தோள்சின்னம், ஒரே பெல்ட், ஒரே காலணி அணிய வேண்டும் என்று இராணுவம் விதி வகுத்தது. ரெஜிமென்ட் எல்லைகளைக் கடந்த பொது அடையாளத்தை வலுப்படுத்தவே இது என்று காரணமும் சொல்லப்பட்டது. இதை நாம் மனமார வரவேற்கிறோம். கூடவே ஒன்றைக் கேட்கிறோம். ரெஜிமென்ட் அடையாளம் பொதுமைக்கு இடையூறு என்று மேல்மட்டத்தில் ஒப்புக்கொண்ட இராணுவம், சாதியின் அடிப்படையில் ஆள் சேர்க்கும் படைப்பிரிவுகளைக் கீழ்மட்டத்தில் ஏன் தொடர்கிறது? சீக்கிய ரெஜிமென்டும், மஜ்பி, ராம்தாசியா சீக்கியர்களுக்கான சீக்கிய இலகு காலாட்படையும் ஏன் இன்றும் தனித்தனியாக இருக்கின்றன? குடியரசுத் தலைவரின் மெய்க்காப்புப் படையில் ஜாட், ராஜபுத்திரர், ஜாட் சீக்கியர் ஆகிய மூன்று பிரிவினரே சேர்க்கப்படுவதை எதிர்த்த வழக்கில், சடங்குமுறைப் பணிக்கு ஒத்த உயரமும் தோற்றமும் தேவை என்று 2013இல் உச்ச நீதிமன்றத்தில் விளக்கம் தரப்பட்டது. சாதியை மறைக்க வந்த ‘ஒரே தோற்றம்’, அங்கே சாதியைக் காக்கும் காரணமாகிவிட்டது.

குடியேற்ற ஆட்சியின் எச்சங்களை அகற்றுவதாக ஒன்றிய அரசு பெருமையோடு பேசுகிறது. 2022இல் கடற்படையின் கொடி மாறியது. 2023 டிசம்பரில் கடற்படை அட்மிரல்களின் தோள்சின்னம் சிவாஜியின் முத்திரையைத் தழுவி மாற்றப்பட்டது. 2024இல் கடற்படை உணவுக்கூடங்களில் குர்தா, பைஜாமா அணிய அனுமதி வந்தது. ‘போர்க்குடி’ என்ற கோட்பாட்டைவிடப் பெரிய குடியேற்ற எச்சம் எது? அதன்மீது மட்டும் கை வைக்கப்படவில்லை. உடையில் எதை மாற்றுவது என்பதல்ல, யாருக்காக மாற்றுவது என்பதே அரசின் தேர்வாக இருக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது

இராணுவம் என்றதும் அரசமைப்பின் 33ஆவது உறுப்பு எடுத்துக்காட்டப்படும். படையினருக்கு அடிப்படை உரிமைகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை நாடாளுமன்றம் சட்டத்தால் வரையறுக்கலாம் என்கிறது அது. ஆனால் அந்த அதிகாரத்துக்கு நோக்கம் உண்டு: கடமைகள் முறையாக நிறைவேறுவதும் ஒழுங்கு காக்கப்படுவதும். 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம் 21ஆவது பிரிவில் கட்டுப்படுத்த அனுமதிப்பது சங்கம் சேர்வதையும், அரசியல் கூட்டங்களில் பங்கேற்பதையும், ஊடகங்களோடு தொடர்புகொள்வதையும்தான். பாகுபாட்டுக்கு எதிரான 15ஆவது உறுப்பையும், தீண்டாமையை ஒழித்த 17ஆவது உறுப்பையும் பாசறை வாயிலில் கழற்றி வைக்கச் சொல்லும் பிரிவு அதில் இல்லை. சாதி எந்தப் படையின் ஒழுங்குக்கும் தேவைப்படுவதில்லை.

உடையும் சாதியும் பிணைந்தவை என்பதை நாடாளுமன்றமே ஏற்றிருக்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம், பட்டியல் சாதியினர் பொது இடத்தில் புத்தாடையோ காலணியோ அணிவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. உடையைக் களைவது, மொட்டையடிப்பது, மீசையை மழிப்பது போன்ற இழிவுபடுத்தல்களையும் குற்றப் பட்டியலில் சேர்த்தது. இராணுவ வளாகங்களுக்கு என்று தனி விலக்கு எதையும் அந்தச் சட்டம் எழுதி வைக்கவில்லை.

ஆகவே, நாம் கோருவது கருணையை அன்று. குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழுள்ள குடும்பங்களிடம் சேர்க்கையின்போது எந்த முன்பணமும் கேட்கக் கூடாது. திருப்பித் தரும் தொகையை முதலிலேயே தள்ளுபடி செய்வதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, ஓர் அறிவிக்கைத் திருத்தம் போதும். அது வரும் வரை, தமிழ்நாட்டுத் தேர்வர்களின் தொகையை மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை நேரடியாகக் கழகத்துக்குச் செலுத்த வேண்டும். கடக்வாஸ்லா கேடட்டுகளுக்கும் முதல் நாளிலிருந்தே உதவித்தொகை வேண்டும். பெயர்ப்பட்டையில் இயற்பெயர் மட்டும் இடம்பெறுவதைக் கேடட்டின் உரிமையாக்க வேண்டும். குடும்பப்பெயர் கட்டம் கட்டாயமாக இருக்கக் கூடாது. சாதிவழி ஏளனமும் துன்புறுத்தலும் தண்டனைக்குரியவை என்று கழகத்தின் நிலையாணைகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அந்தப் புகாரை மேல்வகுப்பு கேடட்டிடமோ பயிற்றுநரிடமோ அல்லாமல், வெளியிலுள்ள ஓர் அமைப்பிடம் அளிக்க வழி இருக்க வேண்டும்.

இறுதியாக, எண்ணிக்கை. கட்டண விலக்குக் கேட்கும் ஒவ்வொரு பட்டியல் சாதித் தேர்வரும் தன் பிரிவைத் தேர்வாணையத்திடம் பதிவு செய்கிறார். அக்னிபத் திட்டத்தின்போது, படைவீரர் தேர்வில் சாதிச் சான்றிதழ் ஏன் கேட்கப்படுகிறது என்று 2022 ஜூலையில் கேள்வி எழுந்தது. அது பழைய நடைமுறையே என்று பாதுகாப்பு அமைச்சர் விளக்கினார். அப்படியானால் விவரம் அரசின் கையில் இருக்கிறது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் தேர்வானார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இடையில் வெளியேறினார்கள் என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தேர்வானவர்களுக்கும் சேர்ந்தவர்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு, 53,019 ரூபாய் யாரை வாயிலில் நிறுத்தியது என்பதைச் சொல்லிவிடும்.

கழகத்தில் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், புதிய அணி சேர்கிறது. சட்டையின் கடைசிப் பொத்தான் வரை சோதிக்கத் தெரிந்த நிர்வாகம், அடுத்த அணி சேர்வதற்குள் தன் அறிவிக்கையின் ஒரு பக்கத்தைத் திருத்த முடியும். அதற்கான மனுக்களை நாம் எழுதத் தொடங்கியாயிற்று.